பழைய பியானோவும் புதிய வர்ணமும்

வீட்டுப் பொருள்களுக்கு வர்ணம் பூசுவது மிகச் சிறிய காரியம். கதவுக்குப் பச்சையும் சன்னலுக்கு நீலமும் பூசுகின்ற வீட்டாரை எவரும் காரணம் கேட்பதில்லை. தைப்பொங்கலுக்கு முன்னர் வீட்டுக்கு வெள்ளையடித்து, மிஞ்சிய வர்ணத்தைப் பழைய பெட்டிக்கும் நாற்காலிக்கும் பூசிவிடுவது நெடுநாள் வழக்கம். ஆனால், ஒரு வீட்டின் முன்கூடத்திலே நிற்கின்ற பழைய பியானோவுக்குச் செம்பருத்திப் பூவின் சிவப்பைப் பூசப் போவதாக அவ்வீட்டுப் பிள்ளை சொன்னால், கேட்பவர் ஒரு கணம் திகைப்பர். சிலர் நகைப்பர். சிலர் கோபமும் கொள்வர். நாற்காலிக்குப் பொருந்தும் நியாயம் பியானோவுக்கு ஏன் பொருந்தவில்லை என்பது ஆராயத்தக்க கேள்வி. சப்பிரகமுவை மாகாணத்துத் தோட்டப் பகுதிகளில் இக்கேள்விக்கு வேறெங்கும் இல்லாத ஓர் ஆழம் உண்டு.

அந்த ஆழத்தை அறிவதற்குப் பியானோ அம்மலைகளுக்கு வந்த வரலாற்றை முதலில் அறிதல் வேண்டும். 1869ஆம் ஆண்டில் இலங்கையின் கோப்பிச் செடிகளை இலைநோய் பற்றியது. அடுத்த சில பத்தாண்டுகளில் கோப்பி அழிந்து, அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளின் தாழ்ந்த மலைச்சரிவுகளில் றப்பர் பரவியது. காடு வெட்டவும் கன்று நடவும் பால் எடுக்கவும் கொழுந்து கிள்ளவும் தமிழகத்திலிருந்து மக்கள் கொண்டுவரப்பட்டனர். அவர்களுக்கு லயம், அவர்களை ஆண்ட வெள்ளைத் துரைக்குக் குன்றின்மேல் பங்களா. களனிவெளியின் சிறுபாதைப் புகையிரதம் 1903இல் எட்டியாந்தோட்டைக்கும் 1912இல் இரத்தினபுரிக்கும் வந்து சேர்ந்தது. கடல் கடந்து கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிய பாரமான பொருள்கள் உள்நாட்டுக்கு வருவதற்கு அப்பாதை பேருதவியாயிற்று.

பங்களாவுக்கு வந்த அத்தகைய பொருள்களுள் ஒன்று பியானோ. இருநூறு கிலோகிராமுக்கும் மேற்பட்ட எடையுள்ள அப்பெட்டியைப் புகையிரதத்திலிருந்து இறக்கிய பின்னர், மலைப்பாதையிலே வண்டியேற்றியும் தோளிலே சுமந்தும் மேலே கொண்டுபோய்ச் சேர்த்தவை தொழிலாளரின் கைகள். ஆனால் சுமந்த கைகளுக்கு அதன் கட்டைகளைத் தொடும் உரிமை இருக்கவில்லை. லயத்துக்கு அதற்குரிய இசை இருந்தது. தப்பு முழங்கிற்று, காமன்கூத்தும் அர்ச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் ஆடப்பட்டன, நாடகம் போடும் இரவுகளில் ஆர்மோனியப் பெட்டி கூடவே பாடிற்று. பங்களாவின் இசை தூரத்திலிருந்து காதில் விழுகின்ற ஒன்றாக மட்டுமே இருந்தது. ஆகவே அக்கரிய பெட்டி இசைக்கருவி என்பதோடு அந்தஸ்தின் அடையாளமாகவும் மக்கள் மனத்திலே பதிந்தது.

காலம் மாறிற்று. 1925ஆம் ஆண்டு டிசம்பரில் கொழும்பில் வானொலி ஒலிபரப்புத் தொடங்கியது. இசைத்தட்டும் வானொலியும் பரவிய பின்னர், மாலைப் பொழுதில் வீட்டார் தாமே வாசித்துப் பாடி மகிழும் பழக்கம் உலகெங்கும் தளர்ந்தது. இலங்கையில் சுதந்திரத்தின் பின்னர் வெள்ளைத் துரைமார் படிப்படியாக நீங்கினர். 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975ஆம் ஆண்டின் திருத்தமும் கம்பனித் தோட்டங்களை அரசின் கைக்குக் கொண்டுவந்தன. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. இத்தனை கைமாற்றங்களுக்கிடையில் பங்களாவின் தளபாடங்கள் இடம் பெயர்ந்தன. கப்பலில் கொண்டுபோக இயலாத கனமும், வைத்துக்கொண்டு பராமரிக்க இயலாத சுமையும் உடைய பியானோ, பாடசாலைக்கோ தேவாலயத்துக்கோ அயலூர் வீட்டுக்கோ போவதுண்டு; கிட்டங்கியின் மூலையிலே கறையானுக்கு இரையாவதும் உண்டு.

இனி, அத்தகைய ஒரு பியானோ வந்து சேர்ந்த குடும்பமொன்றை உவமைக்காக எண்ணிப் பார்க்கலாம். தந்தை ஆசிரியர். அவருடைய தாய், இளமையிலே பங்களாவில் ஆயாவாக வேலை பார்த்தவர். மகள் சங்கீதம் கற்கிறாள். மேல்நாட்டு இசைப் பரீட்சைக்கும் ஆயத்தமாகிறாள். சிறு சேமிப்பைக் கொண்டு பழைய பியானோவொன்று குறைந்த விலையில் வாங்கப்பட்டது. அதன் மேற்பூச்சு வெளுத்து, திட்டுத் திட்டாக உரிந்து, பார்ப்பதற்கு நோயாளியின் தோல் போலிருந்தது.

“அப்பா, இதற்குச் சிவப்பு வர்ணம் பூசுவோம். வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் இது யாருடைய சாமான் என்று கேட்கிறார்கள். சிவப்பாக இருந்தால் எங்களுடையது என்று தெரியும்” என்கிறாள் மகள்.

பாட்டிக்கு அது பிடிக்கவில்லை. “வேண்டாம் ஆத்தா. அப்பாயி எத்தனை வருசம் இந்த மாதிரிப் பெட்டியைத் துடைத்திருக்கிறேன் தெரியுமா? முகம் தெரிகிற மாதிரிப் பளபளவென்று இருக்கும். கறுப்புத்தான் அதற்கு லட்சணம். பூசிவிட்டால் நான் துடைத்த பெட்டி எங்கே?” என்கிறார் அவர்.

இருவர் பக்கமும் நியாயம் உண்டு. லயத்துச் சுவருக்கு எந்த நிறம் என்பதை, அதற்குள் வாழ்ந்தவர்கள் தீர்மானித்ததில்லை. தோட்ட நிர்வாகம் அடித்த சுண்ணாம்பே அவர்களின் நிறம். அத்தகைய வாழ்விலிருந்து எழுந்த குடும்பத்தின் பிள்ளை, தன் வீட்டுப் பொருளுக்குத் தானே நிறம் தெரிகிறேன் என்று சொல்வது வெறும் விளையாட்டன்று. மறுபுறத்தில், தான் வாசிக்கவே கிடைக்காத ஒரு பொருளைப் பல ஆண்டுகள் பேணிய மூதாட்டியின் உழைப்புக்கு அந்தப் பளபளப்பைத் தவிர வேறு சாட்சி இல்லை. அதை மூடுவது அவர் உழைப்பையே மூடுவதாக அவருக்குத் தோன்றுவது இயல்பு. இவ்விரு நியாயங்களுக்கும் நடுவே நின்று முடிவு காண்பதற்குப் பொருளின் இயல்பை அறிந்த அறிவு வேண்டும்.

முதலாவது, பியானோ கறுப்பாகத்தான் இருக்கவேண்டும் என்பது விதியா? வரலாறு அவ்வாறு கூறவில்லை. பியானோவை ஆக்கியவர் இத்தாலி நாட்டுப் புளோரன்ஸ் நகரில் பணியாற்றிய பார்த்தலோமியோ கிறிஸ்தோபோரி. காலம் ஏறத்தாழ 1700. அவர் செய்த பியானோக்களுள் மூன்று இன்றும் உள்ளன. அவற்றுள் மிகப் பழையதாகிய 1720ஆம் ஆண்டினது நியூயோர்க் நகரின் மெட்ரோபொலிட்டன் அரும்பொருட்சாலையில் இருக்கிறது. பியானோவுக்கு முன்னோடியான ஹார்ப்சிகோர்ட் என்னும் கருவியையோ வர்ணத்திலேயே மூழ்கடித்தனர். அன்ட்வேர்ப் நகரின் ரக்கர்ஸ் குடும்பத்தார் பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் செய்த கருவிகளின் நாதப்பலகைமீது பூக்கள் தீட்டப்பட்டிருந்தன. 1903ஆம் ஆண்டில் ஸ்ரைன்வே நிறுவனம் தனது நூறாயிரமாவது பியானோவை அமெரிக்க ஜனாதிபதியின் வெள்ளை மாளிகைக்கு அளித்தபோது, அதற்குப் பொன்பூச்சு இட்டு, மூடியிலே ஓவியமும் தீட்டுவித்தது. 1960களில் பீட்டில்ஸ் குழுவின் போல் மக்கார்ட்னி தமது வீட்டுப் பியானோவுக்கு வானவில்லின் நிறங்களைப் பூசுவித்தார். 2008இல் லூக் ஜெரம் என்னும் கலைஞர் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத் தெருக்களில் 15 பியானோக்களை வைத்து, வழிப்போக்கர் எவரும் வாசிக்கலாம் என்றார். அதன்பின் அம்முயற்சி பல நாடுகளுக்குப் பரவியது. தெருவிலே வைக்கப்படும் பியானோக்களுக்கு அந்தந்த ஊரார் வர்ணந் தீட்டுவதும் வழக்கமாயிற்று.

தமிழர் மரபிலும் மரத்துக்கு வர்ணம் அந்நியமானதன்று. கோயில் வாகனங்களைப் பாருங்கள். குதிரைக்கும் மயிலுக்கும் அன்னத்துக்கும் ஆண்டுதோறும் திருவிழாவுக்கு முன்னர் புதிய வர்ணம் பூசப்படுவதால் அவற்றின் மதிப்பு கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை. சப்பிரகமுவைக்கு வடக்கே மாத்தளைப் பகுதியிலுள்ள ஹப்புவிதை என்னும் ஊரின் சிங்களக் கைவினைஞர், அரக்கிலே சிவப்பும் மஞ்சளும் கறுப்பும் சேர்த்து மரப்பொருள்களை அலங்கரிக்கும் கலையைப் பரம்பரையாகக் காத்துவந்துள்ளனர். எனவே, துணிவான நிறம் என்பது பொருளை அவமதிப்பதாகாது. இவ்வளவில் மகளின் பக்கம் வலிமையுடையது.

ஆயினும் வாகனத்துக்கும் பியானோவுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. வாகனம் கண்ணுக்கு, பியானோ காதுக்கு. அதன் வெளிப்பெட்டி ஓர் உடை மட்டுமே. உயிர் உள்ளே இருக்கிறது. வெள்ளைக் கட்டைகள் 52, கரிய கட்டைகள் 36, ஆக 88. ஒரு கட்டையை அழுத்தினால், கம்பளி பொதிந்த சிறு சுத்தியல் ஒன்று எழுந்து தந்தியைத் தட்டிவிட்டு உடனே பின்வாங்குகிறது. ஏறத்தாழ 230 தந்திகள் வார்ப்பிரும்புச் சட்டம் ஒன்றிலே இழுத்துக் கட்டப்பட்டுள்ளன. அவற்றின் மொத்த இழுவிசை ஏறக்குறைய 18 முதல் 20 தொன். தந்தியின் அதிர்வை வாங்கிப் பெருக்கி அறைமுழுதும் பரப்புவது பின்புறத்திலுள்ள மெல்லிய நாதப்பலகை. தந்திகளின் சுருதியைப் பிடித்து வைப்பவை, வீணையின் பிருடைகளை ஒத்த இரும்பு முறுக்காணிகள். அவை கடினமரக் கட்டையொன்றில் இறுகப் பதிந்து நிற்கின்றன.

சப்பிரகமுவையின் வானிலை இவ்வுறுப்புகளுக்குப் பகை. இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. பியானோவுக்கு உகந்த காற்றீரம் 40 முதல் 60 சதவீதம் என்பர். அங்கேயோ அது 80 சதவீதத்தைக் கடப்பது சாதாரணம். ஈரத்தை உறிஞ்சிய நாதப்பலகை பருக்கிறது, தந்திகளின் இழுவிசை மாறுகிறது, சுருதி பிறழ்கிறது. மரத்துண்டுகளை இணைக்கும் வச்சிரப் பசை இளகுகிறது. தந்தி துருப்பிடிக்கிறது. கம்பளியைப் பூச்சி அரிக்கிறது. அடிப்பலகையைக் கறையான் நாடுகிறது. வெப்பநாடுகளுக்கு அனுப்பும் பியானோக்களைச் செய்தோர் இவற்றை அறிந்து, பசையை மட்டும் நம்பாமல் திருகாணிகளாலும் இணைப்புகளை இறுக்கினர். ஆயினும் நூறு ஆண்டு மழைக்கு ஈடுகொடுப்பது எளிதன்று.

மேற்பூச்சு வெளுத்ததற்கும் மழையே காரணம். பழைய பியானோக்கள் பலவற்றுக்கு இடப்பட்டது பிரெஞ்சுப் பொலிஷ். அவலரக்கை மதுசாரத்தில் கரைத்து, துணிப்பொதியால் மெல்ல மெல்லத் தேய்த்து ஏற்றுகின்ற பூச்சு அது. அரக்கு என்பது ஒரு சிறு பூச்சி மரக்கிளையிலே சுரக்கும் பிசின். அதன் பெரும் விளைநிலம் இந்தியா. இந்தியக் காட்டின் அரக்கு ஐரோப்பியத் தொழிற்சாலையில் பியானோவின் மேனியாகி, இலங்கைத் தோட்டத்துக்கு வந்தது. நெடுநாள் ஈரம் பட்டால் அது வெண்மை பூக்கும். அவ்வெண்மையைக் கண்டு கருவியே கெட்டது என்று எண்ணுவது தவறு. அதுபோலவே, வெளியே புதிய வர்ணம் ஏறியதும் கருவி நலமடைந்தது என்று எண்ணுவதும் தவறு.

ஆகையால், வர்ணக்கடைக்குப் போகுமுன் செய்யவேண்டியது சோதனை. அனுபவமுள்ள சுருதி சேர்ப்பவர் ஒருவரை அழைத்து நான்கு கேள்விகளுக்கு விடை பெறவேண்டும். முறுக்காணிகள் இன்னும் இறுகப் பிடிக்கின்றனவா? நாதப்பலகை சட்டத்தை விட்டுப் பிரிந்திருக்கிறதா? சுத்தியல்களும் கட்டைகளும் தடையின்றி அசைகின்றனவா? கறையான் எவ்வளவு தூரம் புகுந்திருக்கிறது? முறுக்காணிகள் தளர்ந்து சுருதி ஒருநாளும் நில்லாத நிலையானால், அக்கருவியைச் சீர்செய்யும் செலவு அதன் விலையைக் கடந்துவிடும். அப்போது அது தளபாடமே. விருப்பமான நிறத்தைப் பூசி மேசையாகவோ புத்தக அலுமாரியாகவோ வைத்துக்கொள்வதில் குற்றமில்லை. ஆனால் உயிர் இருக்கிறது என்று தெரிந்தால், முதற்பணம் சுருதிக்கும் பழுது நீக்கத்துக்கும் செல்லவேண்டும். வர்ணத்துக்கு மிஞ்சியது போதும்.

வர்ணம் பூசவே கூடாத பியானோக்களும் உண்டு. முன்பலகையில் வேறுநிற மரத்துண்டுகளைப் பதித்துச் சித்திரவேலை செய்தவை, அரிய மரத்தின் இழையழகு விளங்குபவை, பழைமையான புகழ்பெற்ற தொழிலகத்தின் பெயர் தாங்கியவை ஆகியவற்றைப் பூசுவது, ஏட்டுச்சுவடியின் மேல் மை கொட்டுவதை ஒக்கும். பியானோவின் உள்ளே, பெரும்பாலும் இரும்புச் சட்டத்திலோ முறுக்காணிகளின் அருகிலோ, தொடரிலக்கம் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். உற்பத்தியாளரின் பெயரையும் அவ்விலக்கத்தையும் கொண்டு அது செய்யப்பட்ட ஆண்டை அறியலாம். அதை அறியாமல் தூரிகையைத் தொடுதல் தகாது. மிகப் பழைய கருவிகளின் வெள்ளைக் கட்டைகளிலே யானைத் தந்தத் தகடு ஒட்டியிருக்கும். அதன்மேல் வர்ணம் படலாகாது. தந்த வணிகம் இன்று நாடுகளிடையே சட்டத்தால் தடுக்கப்பட்டிருப்பதால், அதைப் பெயர்த்து விற்க நினைப்பதும் ஆகாது.

நல்ல மேற்பூச்சு அழிந்துபோன, அரிய மதிப்பு எதுவும் இல்லாத, ஆயினும் வாசிக்கத்தக்க கருவியே வர்ணத்துக்கு ஏற்றது. அதைப் பூசுவதற்கு ஒரு முறை உண்டு. காலம் முதலில் கவனிக்கத்தக்கது. மே மாதம் முதல் தென்மேற்குப் பருவமழையும், அதன்பின் ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் இடிமழையும் அம்மாகாணத்தை நனைக்கின்றன. ஜனவரியும் பெப்ரவரியும் ஒப்பளவில் உலர்ந்தவை. அந்நாட்களில் தொடங்கினால் ஒவ்வொரு பூச்சும் நன்றாகக் காயும். ஈரக்காற்றிலே அவசரப்பட்டுப் பூசிய வர்ணம் மேலே காய்ந்தும் உள்ளே இளகியும் நின்று, மூடியைச் சட்டத்தோடு ஒட்டவைத்துவிடும்.

இரண்டாவது, கழற்றக்கூடிய பலகைகளைக் கழற்றுதல். மேல்மூடி, முன்பலகை, கீழ்ப்பலகை, கட்டைகளின் மூடி ஆகியவற்றைத் திருப்புளியால் மெல்லக் கழற்றி, எந்தத் திருகாணி எவ்விடத்துக்குரியது என்பதைக் குறித்துவைக்க வேண்டும். சுத்தியல் அமைப்பைத் தொடலாகாது. அது தொழில் அறிந்தவருக்கே உரியது. உள்ளே தூசியும் துளியும் விழாதபடி தந்திகள், முறுக்காணிகள், கட்டைகள், நாதப்பலகையின் பின்புறம் யாவற்றையும் துணியாலும் தாளாலும் மூடவேண்டும். ரக்கர்ஸ் குடும்பத்தார் நாதப்பலகைமீது பூவரைந்தது உண்மையே. அது மெல்லிய நீர்வர்ணத்தால் தேர்ந்த கை செய்த வேலை. வீட்டுக்கு வாங்கும் தடித்த எனாமலை அங்கே பூசினால் பலகையின் அதிர்வு மந்தமாகும். கட்டைகளின் பக்கங்களில் ஒரு துளி பட்டாலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு எழாமல் நிற்கும்.

மூன்றாவது, பழைய மேனியைச் சுத்தம் செய்தல். பல ஆண்டுகள் தேய்த்த மெழுகையும் எண்ணெயையும் நீக்காமல் பூசினால் வர்ணம் பிடிக்காது. மேற்பரப்பைத் துடைத்து, உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து, அடிப்பூச்சு இட்ட பின்னரே நிறத்தைத் தொடவேண்டும். மரத்தின் பழைய சாயம் சில வேளைகளில் புதிய நிறத்தினூடே கசிந்து வெளிவரும். அதைத் தடுப்பதும் அந்த அடிப்பூச்சே. முன்னரே எவராவது வர்ணம் பூசியிருந்தால் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். பழைய வர்ணங்களிலே ஈயம் கலந்திருந்தது. குறிப்பாகப் பளிச்சென்ற மஞ்சளும் செம்மஞ்சளும் சிவப்பும் ஈயச் சேர்மங்களால் ஆக்கப்பட்டவை. அத்தூளைச் சுவாசிப்பதும் விழுங்குவதும் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குத் தீங்கு. இலங்கையில் 2013ஆம் ஆண்டு முதல் வர்ணப்பூச்சின் ஈய அளவுக்குச் சட்ட வரம்பு உண்டு. ஆனால் நூறு வயதுப் பெட்டியின் பழைய பூச்சுக்கு அச்சட்டம் காவலாகாது. அதை உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துத் தேய்த்து, தூளைத் துணியால் ஒற்றி அகற்றி, பிள்ளைகளை அவ்விடத்துக்கு வரவிடாமல் காக்கவேண்டும். புதிதாக வாங்கும் வர்ணத்திலும் ஈயம் சேராதது என்ற குறிப்பைப் பார்த்தே வாங்குதல் நன்று.

நான்காவது, பொறுமை. தடித்த ஒரு பூச்சைவிட மெல்லிய மூன்று பூச்சுகள் மேல். ஒன்று முழுதும் காய்ந்த பின்னரே அடுத்தது. மூடியின் ஓரங்களிலும் கீல்களிலும் வர்ணம் திரளவிடலாகாது. யாவும் முடிந்தபின் பல நாட்கள் திறந்த நிலையில் ஆறவிட்டு, பின்னரே பலகைகளைப் பொருத்தவேண்டும். பொருத்தி, இடத்தில் நிறுத்தி, சில வாரங்கள் சென்ற பின்னர் சுருதி சேர்ப்பது சிறந்தது.

நிற்கும் இடமும் முக்கியம். மழைச்சாரல் அடிக்கும் சுவரையும் வெயில் விழும் சன்னலையும் ஒட்டி வைக்காமல், உட்சுவரின் அருகே, தரையிலிருந்து சிறிது உயர்த்தி, பின்புறம் காற்றோடும்படி வைக்கவேண்டும். 2003ஆம் ஆண்டு மே மாதத்திலும் 2017ஆம் ஆண்டு மே மாதத்திலும் களு கங்கை பெருகி இரத்தினபுரியைச் சூழ்ந்ததை அப்பகுதி மக்கள் மறவார். தாழ்ந்த நிலத்து வீடுகளில் உயரமான மேடை அவசியம். கறையானுக்காகக் கால்களின் அடியை மாதந்தோறும் பார்ப்பது, ஆண்டுக்கொருமுறை வர்ணம் பூசுவதிலும் பயனுடையது.

இவ்வளவும் அறிந்தபின், உவமைக் குடும்பத்தின் வழக்கைத் தீர்ப்பது கடினமன்று. ஆசிரியராகிய தந்தை முதலில் சுருதி சேர்ப்பவரை அழைக்கிறார் என்று கொள்ளலாம். முறுக்காணிகள் பிடிக்கின்றன, சில சுத்தியல்களின் கம்பளியை மட்டும் மாற்றவேண்டும், அரிய மரமும் சித்திரவேலையும் இல்லை. பூசலாம் என்பது தெளிவாகிறது. சேமிப்பின் பெரும்பகுதி பழுது நீக்கத்துக்குச் செல்வதால் வர்ணம் இரண்டு மாதம் பிந்துகிறது. மகள் முகம் வாடினாலும், அந்த இரண்டு மாதமும் உரிந்த மேனியுடைய பியானோவிலேயே வாசிக்கிறாள். நிறம் வருமுன் நாதம் வந்துவிட்டது.

பாட்டியோ முழுதும் இணங்கவில்லை. “பூசுவதென்றால் பூசுங்கள். செய்தவன் பெயர் எழுதிய பித்தளை எழுத்தை மட்டும் மறைக்காதீர்கள். மூடியின் உள்பக்கத்தையும் விட்டுவிடுங்கள். அது பளபளப்பாகவே இருக்கட்டும்” என்கிறார். அவர் கேட்டது சிறிய சலுகை போலத் தோன்றினும், பழம்பொருள்களைப் பேணுவோர் அனைவரும் கைக்கொள்ளும் நெறியும் அதுவே. பழைய மேனியின் ஒரு பகுதியை மாற்றாமல் விட்டுவைத்தால், பின்வருவோர் கருவியின் முந்திய தோற்றத்தை அறியலாம். வேண்டுமாயின் மீட்கவும் செய்யலாம். பூசுமுன் எல்லாப் பக்கங்களையும் புகைப்படம் எடுத்து, தொடரிலக்கத்தோடு ஒரு கொப்பியில் ஒட்டிவைப்பதும் அந்நெறியைச் சேர்ந்தது.

அவ்வாறு மூடியைத் தூக்கும்போதெல்லாம் உட்புறத்தின் கறுப்பும் வெளிப்புறத்தின் சிவப்பும் ஒருங்கே தெரியும். கறுப்பு, ஒருகாலத்தில் அதைத் துடைத்த கைகளை நினைவூட்டும். சிவப்பு, இன்று அதை வாசிக்கும் கைகளைக் காட்டும். இரண்டில் ஒன்றை அழித்து மற்றொன்றை வாழவைக்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை.

வர்ணம் பூசும் உரிமை உடைமையோடு கூடி வருவது. ஆனால் உடைமை என்பது விருப்பப்படி மாற்றும் அதிகாரம் மட்டுமன்று. பொருளின் பயனைக் கெடாமல் காக்கும் கடமையும் அதில் அடங்கும். தம்முடையது என்று சொல்லிக்கொள்ளக் காணித்துண்டும் இல்லாமல் நான்கைந்து தலைமுறைகள் உழைத்த மக்களுக்கு, ஒரு பொருளைத் தமதாக்கிக் கொள்ளும் ஆவல் மிக இயல்பானது. அந்த ஆவலுக்குச் செம்பருத்திச் சிவப்பும் மயில்நீலமும் மாம்பழ மஞ்சளும் தக்க மொழிகளே. எனினும் ஓர் இசைக்கருவியைத் தமதாக்கிக் கொள்வதற்கு அவற்றினும் உறுதியான வழி ஒன்றுண்டு. அது நாள்தோறும் அரைமணி நேரமாவது அதன்முன் அமர்ந்து வாசிப்பது. அங்ஙனம் வாசிக்கப்படும் பியானோவைப் பார்த்து, அது யாருடைய சாமான் என்று எவரும் கேட்கமாட்டார்.